காத்து மாஸ்டரின் சாய்ந்த அணிவகுப்பு

“இவர்கள் சமதரையிலும் மலை ஏறுகிறார்கள்.” எங்கள் நீலகிரி மாணவர் விமானக் குழுவைப் பற்றி முகாம் அதிகாரி எழுதிய குறிப்பு இது. நகல் என்னிடம் இருக்கிறது. தேதி இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. இலங்கையிலிருந்து குடும்பங்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த எழுபதுகள்தான் என்பது மட்டும் நிச்சயம்.

காத்து மாஸ்டரைப் போல் விமானத்தைப் பற்றி ஓயாமல் பேசியவர் உலகத்திலேயே கிடையாது. குன்னூர் அருகே ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். அதற்கு முன் விமானப் படையில் தரையில் நின்று இன்ஜின் துடைத்தவர். டீக்கடைக்குப் போவதென்றாலும் விரலை நனைத்துக் காற்றைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். ஞாயிறுதோறும் எங்கள் இருபது பேருக்கு இலவசப் பயிற்சி. எங்களிடம் விமானம் இல்லை, ஓடுபாதை இல்லை. பாதி நாள் வானமும் இல்லை, பனிமூட்டம்தான்.

பச்சை இலையை வாடவைக்கும் பெரிய ஃபேனுக்கு எதிரே மர இறக்கை ஒன்றைப் பிடிக்கச் சொல்வார்.

“மூக்கைத் தூக்குடா! கை மேல போகுதா? அதுதான் லிஃப்ட்!”

ஒருநாள் இறக்கை கைநழுவிப் பறந்து, ஃபேக்டரியை மேற்பார்க்கும் டீமேக்கரின் தொப்பியைத் தட்டிவிட்டது.

“ஏனுங்க மாஸ்டர், இது ஃபேக்டரிங்களா, ஏரோட்ரோமுங்களா?”

“ஞாயித்துக்கிழமை ரெண்டுமுங்க.”

அந்த வருடம் கோவைப் பக்கம் முகாம். நன்றாக அணிவகுக்கும் குழுவில் ஒருவருக்குக் கிளைடரில் பறக்கும் வாய்ப்பு. எங்களில் யோகராஜாவை அனுப்புவதென்று முடிவு செய்திருந்தோம். “கப்பல்ல வந்தேன், கோச்சியில வந்தேன், லாரியில வந்தேன். மேலே போறது ஒண்ணுதான் பாக்கி” என்பான். இலங்கையில் அவன் பிறந்த தோட்டத்தில் ரயிலுக்குக் கோச்சி என்று பெயர். மாதக் கடைசியில் அவன் குடும்பம் மலைக்கு அந்தக் கோடியில் இருக்கும் ஓவேலிக்கு மாறுகிறது. இதை விட்டால் அவனுக்கு வேறு முகாம் கிடையாது.

மைதானத்தில் மானம் போயிற்று. ஃபேக்டரி ஏற்றத்திலேயே அணிவகுத்துப் பழகிய நாங்கள் இருபது பேரும் முன்னால் சாய்ந்து, முழங்காலைத் தூக்கித் தூக்கி நடந்தோம்.

“என்னய்யா, எதையாவது தொலைச்சிட்டாங்களா?” என்றார் அதிகாரி.

மாஸ்டர் சல்யூட் அடித்தார். “சார், எங்க ஊர்ல சமதரையே இல்லீங்க. எல்லாக் குழுவையும் அந்த ஏரிக்கரையில ஏத்தி இறக்கிப் பாருங்க.”

அதிகாரி ரசிகர், சம்மதித்தார். மற்றவர்கள் சறுக்கினார்கள், உட்கார்ந்தார்கள், ஒருவன் பூட்ஸை மட்டும் மேலேயே விட்டுவிட்டு வந்தான். நாங்கள் வரிசை குலையாமல் ஏறி இறங்கினோம். அதிகாரி சிரித்துக்கொண்டே அந்த ஒரு வரியை எழுதினார். பிறகு சொன்னார்:

“மாஸ்டர், ஜெயிச்சது உங்க குழுதான். கிளைடர்ல அந்த இடம் உங்களுக்கு. நீங்க பறந்ததே இல்லையாமே. பையன் அடுத்த வருஷம் வரட்டும்.”

யோகராஜா தலையைக் குனிந்துகொண்டான். மாஸ்டர் கிளைடரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இறக்கையில் கை வைத்தார். எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“ஆகாதுங்க சார். ஏணியில ஏறினாலே எனக்குத் தலை சுத்துமுங்க.”

கயிறு கட்டாமல் ஃபேக்டரி புகைபோக்கி உச்சிக்கு ஏறி, அங்கே நின்று பீடி பற்றவைக்கிற மனிதர் சொன்னது இது. யோகராஜாவை நாங்களே கிளைடரில் ஏற்றிவிட்டோம்.

யோகராஜா இறங்கி நேரே அவரிடம் ஓடினான். “மாஸ்டர், நீங்க சொன்ன மாதிரியேதான் இருந்திச்சு!”

“பின்னே?” என்று அதட்டிவிட்டு மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிற்காலத்தில் அவர் ஒரு முறையாவது பறந்தாரா என்று இன்றுவரை விசாரிக்கிறேன். மகள் டிக்கெட் எடுத்து பம்பாய்க்கு அழைத்துப் போனதாக ஒருவர் சொன்னார். டிக்கெட்டை நான் பார்க்கவில்லை, பார்த்தவரும் அகப்படவில்லை. உறுதியாகாத தகவலைக் குறிப்பேட்டில் பென்சிலில் எழுதுவதே என் வழக்கம். இதை மட்டும் மையில் எழுதி வைத்திருக்கிறேன்.