ஓடையை மூடலாமா என்று கேட்ட அக்காவுக்கு

பென்னஷா, கங்காரு தீவு
ஜூன் 19

பேரன்புள்ள மெரிடி அக்காவுக்கு,

தங்கை தாம்சின் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் புருஷன் டார்சியும், பத்து மாதமும் நான்கு பல்லும் ஆன பிப்பாவும் சுகம். அங்கே நீயும் உன் கப்பலும், அலையில் சட்டி நழுவாமலிருக்க நீ கம்பி கட்டி வைத்திருக்கிற அந்த அடுப்பும் சுகமாக இருக்கவேண்டும் என்று தென்கடலைப் பார்த்து வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதம் ஹோபர்ட்டில் உன் கப்பல் அலுவலகத்தில் உனக்காகக் காத்திருக்கும். கரைக்கு வந்ததும், துணி துவைப்பதற்கு முன்பு, இதைப் படி.

நிற்க. ஏப்ரல் மாதம் உன் வலைப்பதிவில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். “இந்த ஆர்.எஸ்.எஸ். ஓடையை இன்னும் யாராவது பயன்படுத்துகிறீர்களா? விஷயங்களை உடனுக்குடன் தெரிந்துகொள்ள அது உதவுகிறதா? தளத்தை வேறிடத்துக்கு மாற்றப்போகிறேன். யாருக்கும் வேண்டாமென்றால் ஓடையை மூடிவிடுவேன். எழுதிச் சொல்லுங்கள்.” எழுதிச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. மன்னித்துக்கொள். மூன்று முறை உட்கார்ந்தேன். மூன்று முறையும் ஒரு பல் முளைத்தது. பிறகு போன வாரம் நடந்ததைச் சொல்லாமல் பதில் எழுதினால் அது பதிலாகவே இருக்காது என்று ஆகிவிட்டது. ஆகவே முழுதாகவே சொல்கிறேன்.

உன் ஓடையில் நான் சேர்ந்தது பிப்பா வயிற்றில் இருந்தபோது. அதோடு நிறுத்தினேனா? காட்டுத்தீ எச்சரிக்கைக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று, படகு நேரத்துக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு வரும் காய்ச்சல்களுக்கு இரண்டு, திரும்பப் பெறப்படும் பொம்மை, தொட்டில், தள்ளுவண்டி வகையறாவுக்கு ஒன்று என்று மொத்தம் நாற்பத்துமூன்று ஓடைகள், என் போனில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டுகிற திரட்டியில் வந்து விழுகின்றன. பக்கத்து வீட்டுக் கிளெனிஸ் ஒரு நாள், “அது என்னடி ஓடை, ஓடைங்கிற? தண்ணியா வருது?” என்று கேட்டாள். “நாம தேடிப் போகவேணாம் கிளெனிஸ். அவங்க எழுதினதும் தானா நம்ம கைக்கு வந்துடும். வாசல்ல பேப்பர் போட்டுட்டுப் போற மாதிரி,” என்றேன். “பேப்பரையே நான் நிறுத்திட்டேன். படிச்சா வயிறு கலங்குது. நீ நாப்பத்துமூணு பேப்பர் வாங்குற. உன் வயிறு என்னத்துக்கு ஆகும்?” என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. மார்ச்சில் ஏதோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கழன்றுவிடுகிறது என்று செய்தி வந்தது. நான் எங்கள் வண்டியை உடனே கொட்டகையில் போட்டுப் பூட்டிவிட்டு மூன்று வாரம் பிப்பாவை இடுப்பிலேயே சுமந்தேன். டார்சி ஒரு நாள் கொட்டகையைத் திறந்து பார்த்துவிட்டு, “இது வேற கம்பெனிடி லூசு,” என்றான். இடுப்பு இன்னும் ஒரு பக்கமாகத்தான் இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை காலை பிப்பாவுக்குப் பூசணிக்காய் மசித்து ஊட்டிக்கொண்டே திரட்டியைத் திறந்தேன். படிக்காதவை இருநூற்றுப் பன்னிரண்டு என்று காட்டியது. அத்தனையும் உன்னுடையவை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ‘இன்று’ என்று இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வழக்கமாக வாரத்துக்கு ஒரு பதிவு, அதுவும் குழம்பைப் பற்றி எழுதுகிறவள் ஒரே ராத்திரியில் இருநூற்றுப் பன்னிரண்டு எழுதினால் அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதானே அர்த்தம்? டார்சிதான், “கடல் சரியில்ல போல, சமையல் இல்ல, உக்காந்து எழுதித் தள்ளிட்டா. படி, படி,” என்று சொல்லிவிட்டு ரோடு வேலைக்குப் போய்விட்டான். படித்தேன். அக்கா, ஒரு காலை நேரத்துக்குள் உனக்கு என்னவெல்லாம் ஆகிவிட்டது! ட்ரோண்ட் என்கிற நார்வே இன்ஜினியர் பச்சை அயோக்கியன் என்று முதலில் படித்து அழுதேன். பத்து நிமிஷம் கழித்து அதே ட்ரோண்ட் உனக்கு மோதிரம் போட்டிருந்தான். இறைச்சியைத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்திருந்தாய். அடுத்த பதிவில் ஆட்டுத்தொடையை வாட்டிக் கைவிரல்களை நக்கிக்கொண்டிருந்தாய். கடைவாய்ப்பல் பிடுங்கியிருந்தது. குடல்வாலை எடுத்திருந்தது. தலைமுடியை நீயே வெட்டிக்கொண்டு, வளர்ந்து, மறுபடி வெட்டியிருந்தாய். உன் கப்பல் அலுவலகத்துக்குப் போன் போட்டு, “மெரிடிக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆயிருக்கே, எப்படியிருக்கா?” என்று கேட்டேன். “பணியாளருங்களைப் பத்தி வெளிய சொல்றதில்லைங்க,” என்றாள் அந்தப் பெண். அவள் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. நல்லபடியாக இருந்தால் சொல்லமாட்டார்களா?

அப்புறம்தான் அந்தப் பதிவு வந்தது. நான்கே வரி. இப்போது எனக்கு மனப்பாடம். “வெள்ளிக்கிழமை நாலரை மணிப் படகில் வீட்டுக்கு வருகிறேன். யாரிடமும் தனியாகச் சொல்லவில்லை, படிக்கிறவர்களுக்குத் தெரிந்தால் போதும். அப்பாவின் மஞ்சள் யூட் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் படகிலிருந்தே தெரியும். துறையில் யாராவது நிற்கவேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.”

பூசணிக்காய்க் கரண்டி கையோடு எழுந்து நின்றுவிட்டேன். என் கல்யாணத்துக்கு நீ கடலில் இருந்தாய். பிப்பா பிறந்தபோதும் கடலில்தான் இருந்தாய். நான் உன்னைக் கடைசியாகப் பார்த்தது மூன்று வருடத்துக்கு முன்னால், அடிலெய்டு விமான நிலையத்தில், ஒரு காப்பி ஆறுகிற நேரம். அதற்குள் உன் விமானத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள். அப்படிப்பட்ட நீ வருகிறாய்! உடனே வேலையில் இறங்கினேன். பின்பக்கம் திறந்த அந்த யூட் வண்டியை அப்பா தீவை விட்டுப் பெருநிலத்துக்குக் குடிபோகும்போது கிளெனிஸுக்கு விற்றுவிட்டாரே, அது உனக்குத் தெரியாது போல, பாவம், ஏமாந்துபோகக் கூடாது என்று அவளிடம் இரவல் கேட்டேன். “தர்றேன். ஆனா பின்னால ஒரு கிடா கட்டியிருக்கேன், வெள்ளிக்கிழமைதான் அதை டாக்டர்கிட்ட காட்டணும், அதுவும் சேந்துதான் வரும்,” என்றாள். சரி என்றேன். நீ சைவமா அசைவமா என்று உன் பதிவுகளிலிருந்து முடிவுக்கு வர முடியாததால் ஆட்டுத்தொடை ஒன்று, அவரைக்காய் அடைத்த பூசணி ஒன்று, பல் பிடுங்கியவர்களுக்கான கஞ்சி ஒன்று என்று மூன்றும் செய்தேன். டார்சி, “வர்றது ஒருத்திதானே? இல்ல, மூணு மெரிடியா?” என்றான். கிளெனிஸிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் அது எந்த ஓடையையும்விட வேகமாகப் போகும் என்பது உனக்குத் தெரியும். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்து, வழக்கம்போல ஆளுக்கொரு தட்டுப் பலகாரத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டார்கள். லாமிங்டன் கேக் மட்டும் நான்கு தட்டு.

வெள்ளிக்கிழமை நாங்கள் நாலு மணிக்கே துறையில் இருந்தோம். குழந்தை இருக்கை அந்த யூட் வண்டியில் பொருந்துமா, கிடா முட்டுமா என்றெல்லாம் யோசித்து நானும் பிப்பாவும் எங்கள் காரில். டார்சியும் கிடாவும் மஞ்சள் வண்டியில். அப்படியொரு காற்று. பிப்பாவுக்கு இரண்டு தொப்பி போட்டிருந்தேன். படுக்கை விரிப்பில் உன் பெயரைப் பெரிதாக எழுதி டார்சி ஒரு முனையையும் நான் ஒரு முனையையும் பிடித்துக்கொண்டு நின்றோம். காற்று அதைக் கிடாவின் முகத்தில் சுற்றிவிட, அது கத்திய கத்தலில் படகுக்காரர்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். படகு வந்தது. ஒரு காரவன் வண்டி இறங்கியது. வைக்கோல் லாரி இறங்கியது. வயதான இருவர் இறங்கி, விரிப்பைப் படித்துவிட்டு, தங்களை இல்லை என்று தெரிந்தும் கையசைத்துவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான். கயிறு சுற்றிக்கொண்டிருந்தவர், “யாரத் தேடுறீங்க?” என்றார். “எங்கக்கா. கப்பல்ல சமையல் பண்றா. உயரமா இருப்பா. குடல்வால் எடுத்திருக்கு, மெதுவாத்தான் நடப்பா. உள்ளே பாருங்களேன்,” என்றேன். பாவம், அவர் போய்க் கழிவறை வரை பார்த்துவிட்டு வந்து, “யாரும் இல்லம்மா. நாளைக்கும் படகு இருக்கு,” என்றார்.

டார்சி என் கையிலிருந்து போனை வாங்கினான். திரட்டியில் பார்க்காமல் உன் தளத்துக்கே போய் அந்தப் பதிவைத் திறந்து, கீழே, கடைசியில், எறும்பு எழுத்தில் இருந்ததைப் பார்த்தான்.  பிறகு, “தாம்சி, இது எந்த வருஷம்னு பாத்தியா?” என்றான். ஐந்து வருடத்துக்கு முந்தியது. எல்லாமே அப்படித்தான். புது இடத்துக்கு மாறும்போது உன் பழைய தளத்தின் ஆரம்ப காலப் பதிவுகளையெல்லாம் நீ மொத்தமாக ஏற்றியிருக்கிறாய். ஏற்றிய நாளையே பிறந்த நாளாக எடுத்துக்கொண்டு திரட்டி எனக்குக் கொட்டிவிட்டது. டார்சி சிரித்தான், கிடா கத்தியது, பிப்பாவும் சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன், அக்கா. ஆனால் செவ்வாய்க்கிழமை அவசரத்தில் படிக்காமல் விட்ட, அதற்கு அடுத்த பதிவை அங்கேயே நின்று படித்துவிட்டேன்.

“துறையில் யாரும் இல்லை. நாற்பது நிமிஷம் நின்றேன். ஓடையில் சேர்ந்துவிட்டேன் என்று தாம்சின் சொல்லியிருந்தாள், அதனால் அவள் வருவாள் என்று நினைத்துவிட்டேன். பரீட்சையாக இருக்கும். இருட்டியதும் பெங்குவின்கள் கரையேறிக் கத்தின. அதுவும் ஒரு வரவேற்புதான். வீட்டுக்கு நடந்தே போனேன்.”

நான் சேரவில்லை, அக்கா. “சேந்துட்டேன், சேந்துட்டேன்” என்று போனில் உன்னிடம் சொன்னேன், சேரவில்லை. பரீட்சையும் இல்லை. அப்போது அடிலெய்டில் படித்துக்கொண்டிருந்த நான் அந்த வெள்ளிக்கிழமை என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைவே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “மெரிடி வந்துட்டுப் போனா, முடியை வெட்டியிருக்கா,” என்று அப்பா பிறகு சொன்னபோது, “ஓ, அப்படியா?” என்றேன். அதற்குப் பிறகு நீ இந்தத் தீவுக்கு வரவே இல்லை. ஏன் என்று நான் கேட்டதும் இல்லை.

வீட்டுக்குத் திரும்பினோம். தட்டுகளோடு வந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். கிளெனிஸ், “அப்போ அஞ்சு வருஷம் லேட்டுனு சொல்லு. பரவால்ல, உக்காரு, சாப்பிடு,” என்றாள். விருந்தாளி வரவில்லை என்பதற்காக இந்த ஊர் ஒரு விருந்தை வீணாக்காது. மூன்று மெரிடிக்கான சாப்பாட்டையும் சாப்பிட்டு முடித்தார்கள். கஞ்சியைப் பிப்பா சாப்பிட்டாள்.

ஆகவே உன் கேள்விக்கு என் பதில்: உதவவில்லை. மூடிவிடு. சேராதவர்களுக்கு உன் ஓடை எதையும் சொல்லவில்லை. சேர்ந்தவளுக்கு எல்லாவற்றையும் தப்பாகச் சொன்னது. அக்காவுக்குப் பல் வலி என்கிற செய்தி கழன்ற சக்கரத்துக்கும் காய்ச்சலுக்கும் நடுவில் வரிசையில் நின்று எனக்கு வரக்கூடாது. எனக்கு எழுது. என் பேர் போட்டு எழுது. போன் பண்ணு, கப்பல் போன் கரகரத்தால் கரகரக்கட்டும். வருவதாக இருந்தால் ஊருக்குச் சொல்லாதே, என்னிடம் சொல். நீ இல்லாத ஒவ்வொரு மாதமும் பிப்பா வேறொரு பிள்ளையாகிவிடுகிறாள், அதை நான் எந்த ஓடையில் போட்டு உனக்கு அனுப்புவது?

டார்சி தன் அன்பைச் சொல்லச் சொன்னான். கிளெனிஸ் விசாரித்ததாகச் சொன்னாள்; கிடாவுக்குக் கண்தான் கோளாறாம், சொட்டு மருந்து போட்டிருக்கிறது. பிப்பா இந்தத் தாளின் ஓரத்தைக் கடித்து அவளுடைய முத்தத்தை வைத்திருக்கிறாள். காற்று உன் பக்கம் தணிந்து வீசட்டும், அடுப்பு அணையாமல் இருக்கட்டும், கை சுடாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை
தாம்சின்

பி.கு.: ஓடையை மூடாதே. உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஒன்று வந்தது. “இன்று பட்டாணி சூப். அடி பிடித்துவிட்டது. யாரும் எதுவும் சொல்லாமல் குடித்தார்கள், நல்ல பிள்ளைகள்.” இந்தத் தடவை கீழே போய்த் தேதியைப் பார்த்தேன். இன்றைய தேதிதான். அப்படியென்றால் நீ இன்று இருக்கிறாய், நின்றுகொண்டு சட்டியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாய். மூன்று முறை படித்தேன், பிப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். இதையே எனக்குத் தனியாக எழுதச் சொன்னால் நீ எழுதமாட்டாய்; “நலம், வேலை” என்று இரண்டு வார்த்தை அனுப்புவாய், எனக்குத் தெரியாதா? அதனால் மேலே சொன்னதையெல்லாம் மறந்துவிடு. நீ ஊருக்கே எழுது. ஊர் என்றால் நான்தான்.