தோற்றவரிடம் கட்டணம் இல்லை

காலை ஒன்பது மணிக்கே சலவைக்கடையின் மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை. கீழ்ப்படியில் ஒரு வழக்கறிஞர், அவருக்கு மேலே மீன் கடைக்காரர், அவருக்கும் மேலே கல்லூரிப் பேராசிரியை. சமத்துவம் வேண்டும் என்று மேடை போட்டுத் தொண்டை கிழியப் பேசியவர்களால் முடியாத காரியம் அது. மாடியில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் அலுங்காமல் அதைச் சாதித்திருந்தார். ஏமாறுவதில் மட்டும் நம் மக்கள் மேலே கீழே பார்ப்பதில்லை.

மாடியில் இருந்தவரைச் சுழலார் என்று அழைத்தார்கள். முன்பு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வடிகட்டி விற்றவர். தண்ணீரைச் சுத்தம் செய்வதைவிட மனிதர்களைச் சுத்தமாகத் துடைத்தெடுப்பது சுலபம் என்று எப்போதோ ஒரு நாள் அவருக்கு ஞானம் பிறந்துவிட்டது.

அந்த நாட்களில் எல்லோர் கைப்பேசியிலும் ஒரு சக்கரம் குடியேறியிருந்தது. தினமும் இரவு எட்டு மணிக்கு எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு முறை சுழலும். சக்கரத்தில் முப்பத்தேழு குழிகள். பதினெட்டு சிவப்பு, பதினெட்டு கறுப்பு, ஒன்று மட்டும் பச்சை. சிவப்பில் பணம் கட்டி, பந்து சிவப்பில் விழுந்தால் கட்டியது இரண்டு மடங்காகத் திரும்பும். கறுப்புக்கும் அப்படியே. பச்சையில் விழுந்தால் இரு தரப்பாருக்கும் பட்டை நாமம். அந்தப் பச்சைக் குழிதான் சக்கரம் நடத்துகிறவனின் சாப்பாட்டுத் தட்டு. மற்ற முப்பத்தாறும் நமக்கு வேடிக்கை காட்ட.

சுழலாரிடம் போனால் உள்ளங்கையில் ஒரு எஃகுப் பந்தை வைப்பார். கண்ணை மூடுவார். தரை லேசாக அதிரும். வந்தவருக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும். கீழே சலவைக்கடையில் எட்டு இயந்திரங்கள் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருப்பது அவர் நினைவுக்கு வராது. நினைவை எல்லாம் வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுத்தானே வருகிறார்கள். தரை அடங்கியதும் சுழலார் காதோடு காதாக ஒரு வார்த்தை சொல்வார்: சிவப்பு, அல்லது கறுப்பு. அதை யாரிடமும் சொல்லக் கூடாது; கட்டிய மனைவியிடமும் சொல்லக் கூடாது; சொன்னால் பலன் செத்துவிடும்.

கட்டணம்? அதில்தான் சுழலாரின் பெருந்தன்மை. ஜெயித்தால் நாலில் ஒரு பங்கு, அன்றிரவே கைப்பேசியில் அனுப்பிவிட வேண்டும். தோற்றால் ஒரு பைசா வேண்டாம். இப்படி ஒரு நியாயஸ்தரை உலகத்தில் எங்கே பார்க்க முடியும் என்று வழக்கறிஞரே நெகிழ்ந்து போனார். நீதிமன்றத்தில் தோற்றவரிடமும் கட்டணம் வாங்கிப் பழகியவர் அவர்.

தோற்றவர்கள் திரும்பி வந்தால் சுழலார் கோபப்படமாட்டார். கட்டும்போது மனதில் ஒரு சின்னச் சந்தேகம் எட்டிப் பார்த்ததா என்று பரிவோடு கேட்பார். மாதச் சம்பளத்தை ஒரு பந்தின் மேல் வைக்கிறவன் மனதில் சந்தேகம் வராமல் சங்கீதமா வரும்? வந்தவர் தலைகுனிவார். தப்பு தன்னுடையது என்று நம்பி, வெளியே மூச்சுவிடாமல் போவார். ஜெயித்தவர்களோ ஊரெல்லாம் கூவுவார்கள். ஐந்து, ஆறு முறை தொடர்ந்து ஜெயித்த சிலருக்கு மாடிக்கூடத்தின் முன்வரிசையில் மெத்தை வைத்த நாற்காலி.

அந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்திருந்தவன் இருசக்கர வண்டிப் பட்டறை வைத்திருந்த ஓர் இளைஞன். நல்ல உழைப்பாளி. வண்டிச் சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். சுழலார் கையில் வைத்த எஃகுப் பந்து வண்டிச் சக்கரத்துப் பேரிங்கில் இருப்பது என்று அவனுக்குத் தெரியாதா? பட்டறையில் டப்பா டப்பாவாகக் கிடக்கிறது. ஆனாலும் பட்டறையில் கிடந்தால் பந்து, சுழலார் கையில் இருந்தால் தெய்வம்.

அவனுக்கு ஒரே அக்கா. பல் டாக்டர். பொய் சொல்கிற வாயைத் தினமும் திறந்து பார்க்கிறவள். இரண்டு வேளையும் பல் தேய்க்கிறேன் என்று அடித்துச் சொல்கிறவர்களின் கடைவாய்ப் பல் வேறு கதை சொல்லும். அதனால் யார் எதைச் சொன்னாலும், கொஞ்சம் வாயைத் திறங்க, பார்க்கலாம் என்பது அவள் சுபாவமாகிவிட்டது.

தம்பியிடம் அவள் பலமுறை பேசிப் பார்த்தாள். பந்துக்கு ஞாபகம் கிடையாது, நேற்று சிவப்பில் விழுந்தோமே என்று அது யோசிக்காது, காதில் யார் எதைச் சொன்னாலும் அதற்குக் கேட்காது என்றாள். தம்பி சிரித்தான். தொடர்ந்து ஆறு முறை ஜெயித்தவனிடம் கணக்குப் பேசினால் சிரிக்காமல் என்ன செய்வான்?

இந்த நேரத்தில்தான் சுழலார் ‘முழு மனசு நாள்’ அறிவித்தார். அரை மனதோடு கட்டினால் அரைப் பலன்தானாம். வரும் சனிக்கிழமை உள்ளதையெல்லாம் கட்ட வேண்டுமாம். கூட்டம் அதிகம் என்பதால் அந்த வாரம் முழுக்க ஒவ்வொருவராக வரவழைத்துச் சனிக்கிழமைக்கான நிறத்தைக் காதில் ஓதினார்.

புதன்கிழமை தம்பியின் மனைவி அக்காவின் மருத்துவமனைக்கு வந்தாள். பல்வலி இல்லை. முகத்தில் மட்டும் ஏதோ வலி.

“பட்டறையை விக்கறதுக்கு முன்பணம் வாங்கிட்டாரு அண்ணி. அங்க வேலை செய்யறவங்களுக்கு இன்னும் தெரியாது. நான் சொன்னா, உனக்கு நம்பிக்கை இல்ல, அதான் என் ராசியக் கெடுக்கறேங்கறாரு.”

அக்கா அவளுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாள். 

மறுநாள் வங்கி மேலாளர் ஒருவர் பல் பிடுங்க வந்தார். மரத்துப்போக ஊசி போட்டு, வாயில் பஞ்சையும் அடைத்தாயிற்று. இனி தான் பேசுவது யாருக்கும் விளங்காது என்ற தைரியத்தில், சனிக்கிழமை தான் பெரிய ஆளாகப் போவதை அவர் உளறினார். நாக்கு தடித்தவர்களின் பேச்சை இருபது வருடமாகக் கேட்டுப் பழகிய காது அக்காவுடையது. ‘கஉஉ’ என்றால் கறுப்பு. மாலையில் துணிக்கடை முதலாளியம்மா வந்தார். அவருக்கும் ஊசி, அவருக்கும் பஞ்சு, அவருக்கும் தைரியம். அவர் உளறியது சிவப்பு.

அக்கா கையைக் கழுவினாள். பிறகு தம்பிக்குப் போன் செய்து, சனிக்கிழமை தானும் மாடிக்கு வந்து பேசுவதாகச் சொன்னாள். கடைசியில் அக்காவும் வழிக்கு வந்துவிட்டாள் என்று அவனுக்கு ஒரே பூரிப்பு. முன்வரிசைக்காரரின் அக்கா, அதுவும் டாக்டர், நாலு வார்த்தை பேசப் போகிறார் என்றதும் சுழலாருக்கு இரட்டைப் பூரிப்பு.

சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குக் கூடம் நிரம்பி வழிந்தது. ஆசி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் எட்டு மணிக்குள் கட்ட வேண்டியதுதான் பாக்கி. தம்பி முன்வரிசையில் இருந்தான். பக்கத்தில் அவன் மனைவி. அவளும் வந்திருந்தது அக்காவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அக்கா எழுந்து, சுழலார் சொன்ன நிறத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம் என்று ஆரம்பித்தாள். சுழலார் தலையாட்டினார். எல்லோரையும் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். மூடினார்கள், அவர்களுக்கு அது பழக்கமான வேலை. சிவப்பு கிடைத்தவர்கள் வலது கையையும், கறுப்பு கிடைத்தவர்கள் இடது கையையும் தூக்கச் சொன்னாள். பக்கத்தில் இருப்பவர் பார்க்கப் போவதில்லை என்பதால் தயங்காமல் தூக்கினார்கள். ஆட்சேபிக்கலாமா என்று சுழலார் யோசித்து முடிப்பதற்குள் கைகள் காடாக எழும்பிவிட்டன.

“இப்ப கையை இறக்காம கண்ணைத் திறங்க.”

திறந்தார்கள். பாதிக்கூடம் வலது கை. பாதிக்கூடம் இடது கை. வழக்கறிஞர் வலது, பேராசிரியை இடது. ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள். அதைவிட வேடிக்கை முன்வரிசையில். தம்பியின் வலது கை மேலே இருந்தது. ஒட்டி உட்கார்ந்திருந்த அவன் மனைவியின் இடது கை மேலே இருந்தது.

“நீ எப்ப இவர்கிட்ட வந்த?” என்று தம்பி மெல்லக் கேட்டான்.

“உங்களை விட்டுடச் சொல்லிக் கெஞ்ச வந்தேன். என் காதுலயும் ஓதி அனுப்பிட்டாரு. நீங்க தோத்தாக்கூட நகையை வச்சுக் கட்டி மீட்டுடலாம்னு நெனச்சேன்.”

ஒரே வீடு. கூடத்தில் சிவப்பு, சமையலறையில் கறுப்பு. இரண்டில் எது விழுந்தாலும் சுழலாருக்குப் பங்கு வரும். பச்சை விழுந்தால் மட்டும் வீட்டில் அடுப்பும் மிஞ்சாது.

சுழலார் எழுந்தார். அவரவர் மனதுக்கு அவரவர் நிறம், இதெல்லாம் படித்த திமிருக்குப் புரியாது என்றார். கண்ணை மூடிக் கையை விரித்துத் தன் சக்தியை அழைத்தார். சலவைக்கடைக்காரர் ஏழு மணிக்குக் கடையை அடைத்துவிடுவது வழக்கம். தரை கம்மென்று கிடந்தது. சுழலார் ஒரு காலால் லேசாக உதைத்தும் பார்த்தார். தரைப் பலகைதான் முனகியது.

“மனசு ஆயிரம் இருக்கட்டுங்க. பந்து ஒண்ணுதானே?” என்றாள் அக்கா.

அப்போது தம்பி எழுந்து நின்றான். அவன் குரலில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. “ஆறு தடவை எனக்கு விழுந்துச்சேக்கா. அது பொய்யா?”

கூட்டமும் அதையே கேட்டது. அக்கா பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்தாள். எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னாள். தலை விழும் என்று நினைப்பவர் கையைத் தலையில் வைக்க வேண்டும். பூ என்று நினைப்பவர் இடுப்பில் வைக்க வேண்டும். தவறினால் உட்கார வேண்டும். சுண்டினாள். பாதிப்பேர் உட்கார்ந்தார்கள். ஆறு முறை தொடர்ந்து ஜெயித்த தம்பி முதல் சுற்றிலேயே உட்கார்ந்தான். மறுபடி சுண்டினாள். மிச்சத்தில் பாதி உட்கார்ந்தது. இப்படியே போய், கடைசியில் கதவோரம் ஒரே ஒருவர் நின்றார். தண்ணீர் கேன் போட வந்தவர். எல்லோரும் செய்வதைப் பார்த்து விளையாட்டாகச் செய்தவர். ஒரு முறைகூடத் தவறவில்லை.

“இவர் காதுல யாரும் எதுவும் ஓதல,” என்றாள் அக்கா. “இத்தனை பேர் நின்னா யாராவது ஒருத்தர் கடைசி வரைக்கும் நின்னுதான் ஆகணும். நாணயத்துல இவரு. சக்கரத்துல நீ. அவ்வளவுதாண்டா தம்பி.”

தம்பி முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். மனைவி அவன் முதுகில் கை வைத்தாள்.

சுழலார் விட்டுக்கொடுக்கவில்லை. தான் யாரையும் ஏமாற்றவில்லை என்றும், தோற்றவர்களிடம் ஒரு பைசா வாங்கியதுண்டா என்றும் உரக்கக் கேட்டார். கூடம் ஒரு கணம் தடுமாறியது. கேள்வி நியாயமாகத்தானே இருக்கிறது!

“தோத்தவங்க காசை நீங்க வாங்கலதான்,” என்றாள் அக்கா. “அவங்க வாயை வாங்கிட்டீங்க. அவங்க பேசியிருந்தா ஜெயிச்சவங்க உங்களை நம்பியிருப்பாங்களா?”

அதற்குப் பிறகு வாய்கள் திறந்தன. கூடம் முழுக்கத் தோற்றவர்கள். தன் ஒருவனுக்குத்தான் சந்தேகம் வந்து பலன் கெட்டது என்று இத்தனை நாள் வெட்கத்தில் புழுங்கியவர்கள். மீன் கடைக்காரர் நேராகப் பின்னறைக் கதவைத் தள்ளினார். உள்ளே இரண்டு பெட்டிகள், கட்டித் தயாராக. மேலே அன்றிரவு புறப்படும் ரயிலுக்கு ஒரு சீட்டு. திரும்பி வருவதற்குச் சீட்டு இல்லை. எல்லோருக்கும் எதிர்காலம் சொன்னவர், தன்னுடையதை மட்டும் முன்பதிவு செய்து வைத்திருந்தார். போலீஸ் வரும்வரை அவர் நகராதபடி வழக்கறிஞரே படியை மறித்துக்கொண்டு நின்றார். இலவசமாக.

எட்டு மணிக்குச் சக்கரம் சுழன்றது. தம்பி கைப்பேசியைத் தொடவில்லை. பட்டறையை வாங்க இருந்தவருக்குப் போன் செய்து, மன்னிக்கச் சொல்லி முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். எந்த நிறம் விழுந்தது என்று அவனும் கேட்கவில்லை, அவன் மனைவியும் கேட்கவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் காலை தண்ணீர் கேன்காரர் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு வரிசை. முதல் ஆள் பேராசிரியை. அத்தனை தடவையும் சரியாகச் சொன்னவராயிற்றே, இன்றைக்கு என்ன நிறம் என்று கேட்டார்களாம். தனக்கு ஒன்றும் தெரியாது, வேலைக்கு நேரமாகிறது, வழி விடுங்கள் என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்.

“பார்த்தீங்களா, எவ்வளவு அடக்கம்,” என்றாராம் பேராசிரியை.

தலையா பூவா என்று கேட்டபோது பாதிப்பேர் கையைத் தலையில் கொண்டுபோய் வைத்தார்கள். வைத்த கையால், உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தட்டுத் தட்டிப் பார்த்திருக்கலாம்.