ஜீரோ அண்ணனும் கோணல் வீடுகளும்

திருச்செங்கோட்டில் நேராக இருக்கும் பொருள் ஒன்றுகூடக் கிடையாது என்று நிரூபிப்பதற்காகவே பிறந்தவர் ஜீரோ அண்ணன். எங்கள் தெருவில் அவர் கோணல் என்று சொல்லாத வீடு இல்லை. தன் வீட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை.

அவருடைய ஆயுதம் ஒரு செல்போன். கொத்தனார்களின் ரசமட்டம் செய்யும் வேலையை அதிலிருந்த ஒரு ஆப் செய்தது. போனை எதன்மேல் வைத்தாலும் எத்தனை டிகிரி சாய்வு என்று காட்டும். சாய்வே இல்லையென்றால் திரை பச்சையாகும். அப்போது அண்ணன், குழந்தை பிறந்த சேதியைச் சொல்லும் நர்ஸ் போல, "ஜீரோ" என்பார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சொந்தப் பெயர் கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

நாங்கள் குடிவந்த அன்று பீரோவை இறக்கிக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டிலிருந்து வந்தவர் யார் என்ன என்றுகூடச் சொல்லாமல் ஹால் தரையில் குந்தி உட்கார்ந்து போனை வைத்தார்.

"ஒன்னே முக்கா டிகிரிங்க தம்பி. தெக்கால எறங்குது."

"அதனால என்னங்க?"

"என்னங்களா? தெக்க தலை வெச்சுப் படுத்தா ரத்தமெல்லாம் மண்டைக்குப் போயிருமுங்க."

பீரோ என் தோளில் இருந்தது. என் மனைவி செல்வி உடனே கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லிவிட்டாள்.

அண்ணன் இருபது வயதிலிருந்து போர் வண்டியில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர். வண்டியை ஜாக்கி வைத்து மட்டம் பார்த்து நிறுத்தாவிட்டால் குழி கோணலாகப் போய்விடும். வேலையை விட்டு வந்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. நிறுத்துவதற்கு வண்டி இல்லாததால் எங்களை நிறுத்தினார்.

செல்வி சமையலறையில் ஒரு ஷெல்ஃப் கேட்டாள். நான் ஆணி வாங்கப் போய்த் திரும்புவதற்குள் அண்ணன் டிரில் மெஷினோடு வந்து நின்றார். பலகையில் போனைப் படுக்க வைப்பார், ஓட்டை போடுவார், மறுபடி வைப்பார், மறுபடி ஓட்டை போடுவார். சுவர் சல்லடையாகிவிட்டது. கடைசியில் "ஜீரோ" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்தார். அவர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் செல்வி ஷெல்ஃபில் வைத்த எலுமிச்சம்பழம் உருண்டு வந்து இட்லி மாவுக்குள் விழுந்தது.

"பழம் உருண்டையா இருந்தா உருளத்தானுங்க செய்யும்" என்றார் அண்ணன்.

நான் ஒரு கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வந்து வைத்தேன். குமிழி ஓரத்துக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது பழைய சரக்குங்க" என்றார்.

செல்விதான் போனை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள். "ஏனுங்ண்ணா, பின்னால கேமரா புடைச்சிட்டு இருக்குதுங்களே. படுக்க வெச்சா ஒரு பக்கம் தூக்கிக்காதுங்களா?"

அண்ணன் போனை வாங்கி, கேமராவை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். நான் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி மறுநாள் காலையே போய்விட்டது. போனை இனிமேல் நெட்டுக்குத்தாக, விளிம்பில் நிறுத்தி வைக்க வேண்டும் என்று கண்டுபிடித்து, தெருவில் தான் மாட்டிய அத்தனை ஷெல்ஃபையும் கழற்றி மாட்டக் கிளம்பிவிட்டார். கடைசி வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள்.

இப்படி இருக்கும்போது செல்வி பின்கட்டில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். தொடை வரைக்கும் மாவுக்கட்டு, சக்கர நாற்காலி. எங்கள் வாசலில் செங்குத்தாக மூன்று படிகள். நானும் ஆட்டோக்காரரும் நாற்காலியோடு தூக்கி இறக்கியபோது என் கை நழுவி, அவள் முகம் குப்புற விழப் பார்த்தாள். அதோடு அவள், "நான் ஆஸ்பத்திரிக்கும் வரலீங்க, எங்கயும் வரலீங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அண்ணன் பலகைகளோடு வந்தார். படிமேல் அவற்றைச் சாய்த்துப் போட்டு, சோதித்துப் பார்ப்பதற்காகத் தானே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தள்ளவே இல்லை. நாற்காலி தானாகக் கிளம்பித் தெருவைக் கடந்து அவர் வீட்டு கேட்டில் போய் மோதியது. அவர் மனைவி வெளியே வந்து, "ஏனுங்க, ஊட்டுக்கு நடந்து வரக்கூடாதுங்களா?" என்று கேட்டார்.

"சாய்வு ஜாஸ்திங்க தம்பி" என்றார் அண்ணன், முழங்கையைத் தடவிக்கொண்டே.

சாய்வைக் குறைக்க நீளம் வேண்டும். நேராக நீட்டினால் தெருவில் போய் முடியும். அதனால் காம்பவுண்ட் சுவரை ஒட்டித் திருப்பி, சிமெண்டில் ஒரு சரிவுப்பாதையே கட்ட ஆரம்பித்தார். என் பைக் நிறுத்தும் இடம் போனது. செல்வியின் மல்லிகைத் தொட்டி மாடிக்குப் போனது. வாழ்நாளெல்லாம் ஜீரோவைத் தேடியவர் இப்போது ஐந்து டிகிரி வேண்டும் என்று பூசுவதும் சுரண்டுவதுமாக இருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணா, இதுக்குள்ள பஸ் ஸ்டாண்டே கட்டியிருக்கலாமுங்க" என்றேன்.

"பஸ் ஸ்டாண்டுல அம்மிணி எறங்கப் போறதில்லீங்களே" என்றார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சிமெண்ட் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அனுமதி கொடுத்தார். நடுவில் போனை நிறுத்திக் கடைசியாக ஒரு முறை பார்த்துவிட்டு, "வா அம்மிணி" என்று கூப்பிட்டார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறக்கினேன். அண்ணன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அவளுக்கு முன்னால் பின்னோக்கி நடந்தார். பாதி வழியில் சக்கரத்துக்கு அடியில் படீரென்று ஒரு சத்தம். போனை எடுக்க மறந்திருக்கிறார்.

நான் நின்றேன்.

"நிக்காதீங்க தம்பி. அது கெடக்குது. அம்மிணியப் புடிங்க" என்றார்.

கீழே இறங்கியதும் செல்வி வெகுநேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் போன் துண்டுகளைத் துண்டில் அள்ளி முடிந்துகொண்டு, "கீழ வாரப்ப எங்கயாச்சும் தூக்கிப் போட்டுச்சா அம்மிணி?" என்று அவளிடம் கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

இப்போது செல்வி நன்றாக நடக்கிறாள். சரிவுப்பாதை அப்படியே இருக்கிறது, என் பைக் வெயிலில் நிற்கிறது. அண்ணன் கடை கடையாக ஏறி, ஒவ்வொரு போனையும் கண்ணாடி மேஜைமேல் மல்லாக்கப் போட்டு ஆட்டிப் பார்த்து, கேமரா புடைக்காத போன் ஒன்றை வாங்கிவிட்டார். தெருவுக்கு மறுபடி சனி பிடித்தது.

இந்த வாரம் அவர் சேலத்தில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். யாரும் எட்டிப் பார்க்காத நிம்மதியில் நேற்று ஜன்னலுக்குத் திரைக்கம்பி மாட்டினேன். செல்வி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் எறங்கியிருக்குதுங்க. கழட்டி மாட்டுங்க" என்றாள்.

"இருக்கட்டும்" என்றேன். "அண்ணன் வரட்டும்."