பல் டாக்டரும் தாமிர ஆந்தையும்

இனிமேல் நான் காமிக்ஸ் வாங்குவதில்லை என்று என் மனைவி உறுதியான முடிவெடுத்தாள்.

காரணம், எங்கள் மில்வாக்கி வீட்டுத் துணி அலமாரி. துண்டு எடுக்கப் போனவள் தலையில் 'தாமிர ஆந்தை' இருநூற்றுத் தொண்ணூற்றொரு இதழ்களும் சரிந்தன. இருபத்து நாலு வருடமாக மாதம் தவறாமல் நான் சேர்த்தவை. ஊரையே காப்பாற்றும் ஆந்தை அன்று என்னைக் காப்பாற்றவில்லை.

"வெண்டல், இன்னும் ஒரே ஒரு இதழ் உள்ள வந்தா, நீ வெளிய!"

"பெர்னடெட், முந்நூறாவது இதழ் வரப்போகுது…"

"உனக்கு ஐம்பத்தொண்ணாவது வயசும் வரப்போகுது."

ஒப்புக்கொண்டேன். வாயளவில்தான். யோசனையும் அந்த வாயிலிருந்தே பிறந்தது. புது இதழ்கள் கடைக்கு வருவது புதன்கிழமை. எனக்கு ஈறு வீங்கியதும் புதன்கிழமை.

"வாராவாரம் வரச் சொல்லியிருக்கார் பல் டாக்டர்," என்றேன்.

"ஐயோ பாவம்," என்று கன்னத்தைத் தடவினாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவளை நான் ஏமாற்றியது அதுவே முதல் முறை. கொஞ்சம் குற்ற உணர்ச்சி, நிறையப் பெருமை.

மாதத்துக்கு ஒரு இதழ்தான். ஆனாலும் வாராவாரம் போனேன். முன்கூட்டியே வந்துவிட்டால்? வாங்கியதைக் கார் டிக்கியில் ஸ்டெப்னி டயருக்கு அடியில் ஒளித்தேன்.

எல்லாம் சரி. புதன்கிழமைச் சாப்பாடுதான் சரியில்லை. அவள் தட்டில் பொன்னிறமாக வறுத்த சாசேஜ். என் கிண்ணத்தில் பச்சையாக ஏதோ ஒன்று.

"இது என்ன?"

"பட்டாணியை மசிச்சுக் கஞ்சி. டாக்டர் கைவச்ச வாய், பாவம்."

"ஒரு பக்கமா மெல்றேனே!"

"வேணாம். குடி."

பல்லைக் கடித்துக்கொண்டு குடித்தேன். கடிக்க வேறு எதுவும் இல்லை.

முப்பத்து மூன்றாவது புதன்கிழமை அவள் விரல்விட்டு எண்ணினாள். "மனுஷனுக்கு முப்பத்திரண்டு பல்லுதானே? இன்னிக்கு யாரோட பல்லைப் பாக்கறார்?"

"மறுபடி முதல்லேருந்து வர்றார்."

"அவ்வளவு அக்கறையா! நல்ல டாக்டர்."

ஒரு வழியாக முந்நூறாவது இதழ் வந்தது. கடைக்காரர் ஆர்லோ ஒரு மாதிரி சிரித்தார்.

"கடிதப் பக்கத்தையும் விடாம படிங்க வெண்டல்."

காரிலேயே உட்கார்ந்து படித்தேன். ஆந்தை தோற்றுக் கிடக்கிறான். எதிரியின் கை அவன் முகமூடியைப் பிடிக்கிறது. அவன் யாரென்று அடுத்த இதழில்தான் தெரியும். எனக்குக் கண் கலங்கியது. மூக்கைச் சிந்திவிட்டுக் கடிதப் பக்கத்தைத் திருப்பினேன்.

"ஆசிரியருக்கு, என் கணவர் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு உங்கள் இதழை வாங்கி ஸ்டெப்னிக்கு அடியில் ஒளிக்கிறார். ஞாயிறு மதியம் அவர் குறட்டை விடும்போது நானும் எடுத்துப் படிக்கிறேன். இத்தனை வருடம் பெரிய சாசேஜை எடுத்துக்கொண்டவர், இப்போது புதன்கிழமைகளில் கஞ்சி குடிக்கிறார். உங்கள் ஆந்தை நீடூழி வாழ்க. பெர்னடெட் க்ராஸ், மில்வாக்கி."

கீழே ஆசிரியர் குறிப்பு: இந்தச் சிறப்புக் கடிதத்துக்குப் பரிசு, ஒரு வருட இதழ்கள் வீட்டுக்கே வரும்.

ஆந்தை மாதிரி முழித்தேன். அப்புறம் கோபம் வந்தது. நியாயம் கேட்டுவிடுவது என்று வீட்டுக்குப் பறந்தேன். கதவைத் திறக்கும்போதுதான் உறைத்தது: கடிதத்தைப் படித்தேன் என்றால் இதழை வாங்கினேன் என்று ஆகிவிடும்.

"ஏன் முகம் சிவந்திருக்கு? ரொம்ப வலியா?"

"ம்."

"காத்திருக்கற எடத்துல படிக்க ஏதாவது வச்சிருந்தாங்களா?"

"இல்ல… ஒண்ணும் இல்ல."

"அச்சச்சோ," என்று கஞ்சியை ஊற்றினாள். வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடுதலாக.

அடுத்த மாதம் எங்கள் தபால் பெட்டியில் முந்நூற்றொன்றாவது இதழ் வந்தது. அவள் பெயருக்கு. சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டினாள். எச்சில்! ஒவ்வொரு பக்கத்துக்கும் என் நெஞ்சு ஒரு முறை நின்றது. கடைசியில் "அட, இவனா!" என்றாள். அதற்குமேல் தாங்கவில்லை.

"பெர்னடெட், எல்லாம் பொய். பல்லும் பொய், டாக்டரும் பொய். உங்கிட்ட மறைச்சிருக்கக் கூடாது. மன்னிச்சுடு. முகமூடிக்குள்ள யாருன்னு மட்டும் சொல்லிடு!"

அவள் முகம் இளகியது. "இதை ஒன்பது மாசம் முன்னாடியே சொல்லியிருந்தா, சேர்ந்தே படிச்சிருக்கலாமே வெண்டல். சொன்னா சப்புனு போயிடும், நீயே பாத்துக்கோ. ஒரு நிமிஷம் இரு."

கத்தரிக்கோலை எடுத்தாள்.

"என்ன பண்ற?"

"பின்னட்டையில கூப்பன் இருக்கு. அனுப்பினா ஆந்தைச் சாவிக்கொத்து இலவசமாம்."

நறுக், நறுக். இதழை என்னிடம் அன்போடு நீட்டினாள். கதை முடியும் கடைசிப் பக்கம் பின்னட்டையின் உட்புறம்தான். அதைத் திருப்பித் தூக்கிப் பிடித்தேன்.

ஆந்தையின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சதுரமாக ஒரு ஓட்டை. அதற்குள்ளிருந்து என் மனைவி கையசைத்தாள்.