ராஜம் சித்தியின் ஜாதகங்களும் என் பேக்கேஜும்

தேவையே இல்லாத ஒரு வேலையை மிக ஒழுங்காகச் செய்வதுதான் உலகத்திலேயே ஆபத்தான காரியம். சோம்பேறிகளால் யாருக்கும் பெரிய நஷ்டம் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. என்னைப் போன்ற சுறுசுறுப்பானவர்களால்தான் வந்திருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசி. பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்துவிட்டு, ராஜபாளையத்தில் பாண்டியன் சார் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். தினமும் பஸ்தான். ஏதோ ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யில் இருந்த, விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்கிற லினக்ஸை, சென்டரின் மூலையில் கிடந்த ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றிப் பழகினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடும். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் புரியாது. (அந்த வயதில் ஒன்றின் மேல் காதல் வருவதற்கு இதைவிட என்ன வேண்டும்?)

என் அம்மாவின் தங்கை ராஜம் சித்தி, ஆண்டாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் திருமணத் தகவல் நிலையம் வைத்திருந்தாள். மகளுக்கு நல்ல இடம் அமையவேண்டும் என்று ஆண்டாளிடம் வேண்டிக்கொண்டு வெளியே வருகிறவர்கள், செருப்பை மாட்டிய சூட்டோடு சித்தியிடம் வந்து ஜாதகத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மனு அங்கே, நடவடிக்கை இங்கே.

அந்த ஜாதகங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, பத்துப் பொருத்தமும் பார்த்துச் சொல்கிற ஒரு புரோகிராமை நான்தான் எழுதிக் கொடுத்தேன், லினக்ஸில். ஏற்றி முடித்ததும், "இனிமே இந்தக் குப்பை எதுக்குச் சித்தி?" என்று முன்னின்று காகிதக் கட்டுகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போடவைத்ததும் நான்தான். (கொஞ்ச நாளைக்கு பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒருவருடைய சுக்கிர தசையில்தான் வறுகடலை தின்றோம்.)

ஆவணி பிறக்கப்போகிற நேரம் அது. சித்தியின் தொழிலில் அதுதான் சீசன். செவ்வாய் தோஷம் உள்ளவர்களைத் தனியாகக் காட்டவேண்டும் என்று சித்தி கேட்டாள். அதற்கு ஒரே ஒரு ஃபைலை மாற்றினால் போதும். ஃப்ளாப்பியில் கொண்டுபோய்க் காப்பி செய்தால், சித்தி காபி போட்டு எடுத்துவருவதற்குள் வேலை முடிந்துவிடும்.

ஆனால் எனக்கு அப்போது பேக்கேஜ் செய்யத் தெரிந்துவிட்டிருந்தது.

பேக்கேஜ் என்றால் பிரமாதம் ஒன்றுமில்லை. புரோகிராம், அதற்கு வேண்டிய சாமான்கள், எதை எங்கே வைக்கவேண்டும் என்ற குறிப்பு, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது. ஒரு வரி தட்டினால் மூட்டை தானே பிரிந்து உட்கார்ந்துகொள்ளும். வரும்போது என்ன செய்யவேண்டும், வெளியேறும்போது என்ன செய்யவேண்டும் என்பதையும் குறிப்பில் எழுதிவைக்கலாம். சித்திக்கு முதலில் போட்டுக்கொடுத்ததே ஒரு பேக்கேஜ்தான். சுத்தமாக வளர்ந்த பெண்ணல்லவா? அதில், "வெளியேறும்போது உன் இடத்தில் இருப்பதையெல்லாம் பெருக்கித் துடைத்துவிட்டுப் போ" என்று எழுதியிருந்தேன். ஜாதகங்களும் அதே இடத்தில்தான் குடியிருந்தன என்பது அந்தச் சமயத்தில் மனதில் படவில்லை.

புதிய பேக்கேஜை சென்டரின் மூலைக் கம்ப்யூட்டரில் சோதித்தேன். நூற்றுக்கு நூறு. மறுநாள் காலையில் சித்தியின் முன்னால் உட்கார்ந்து, கச்சேரிக்குச் சுருதி சேர்ப்பவள்போல விரலைச் சொடுக்கி அந்த ஒரு வரியைத் தட்டினேன். திரையில் புள்ளிக்கோலம் மாதிரிக் குறிகள் வரிசையாக ஓடி நின்றன.

"இப்ப தேடிப் பாருங்க சித்தி."

சித்தி தட்டினாள். பதிவுகள் எதுவும் இல்லை என்று நானே எழுதிவைத்த வாசகம், ஆங்கிலத்தில், மிகுந்த பணிவோடு வந்து நின்றது. இன்னொரு பெயரைத் தட்டினாள். அதே பணிவு.

நடந்தது எனக்கு மெதுவாக உறைத்தது. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும் என்று நான் நினைத்திருந்தேன். லினக்ஸ் அப்படிச் செய்யாது. முதலில் புதிய குடித்தனக்காரரைச் சாமானோடு உள்ளே விடும். பிறகுதான் பழையவரை வெளியே அனுப்பும். பழையவர் என் கட்டளைப்படி, போகிறபோது வீட்டையே வழித்துத் துடைத்துவிட்டுப் போயிருந்தார். சென்டர் கம்ப்யூட்டரில் பழையவரே கிடையாது. அதனால்தான் அங்கே நூற்றுக்கு நூறு.

சித்தி திரையைப் பார்த்தபடியே கேட்டாள். "ஏட்டி, எம்புட்டுப் போச்சு?"

"அம்புட்டும்."

சித்தி பதில் சொல்வதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். வத்திராயிருப்பு அழகர்சாமி. தென்னந்தோப்புக்காரர், மகனுக்குப் பெண் பார்க்க அன்றைக்கு வரச்சொல்லியிருந்தவர்.

"வாங்கண்ணாச்சி, உக்காருங்க. மிஷினு செத்த நேரம் மக்கர் பண்ணுது" என்றாள் சித்தி. எழுந்த வேகத்தில் பால்கோவாத் தட்டை அவர் கையில் வைத்துவிட்டாள்.

நான் யோசித்தேன். சோதனைக்காகப் போன வாரம் ஜாதகங்கள் மொத்தத்தையும் சென்டர் கம்ப்யூட்டருக்குக் காப்பி எடுத்துப் போயிருந்தேன். அதற்குப் பிறகு வந்தவை சித்தியின் கைப்பையிலேயே இருந்தன. அப்பாடா என்று எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அந்த மூலைக் கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் இன்று காலை துடைத்துவிட்டு, கணக்கு சாஃப்ட்வேர் போடப்போவதாகப் பாண்டியன் சார் நேற்றுத்தான் சொல்லியிருந்தார். சரி சார் என்று தலையாட்டியவளும் நானே.

போன் செய்தேன். எங்கேஜ்டு. சார் இன்டர்நெட்டில் உட்கார்ந்தால் அந்த லைன் அவ்வளவுதான்.

பஸ் பிடித்தேன். அந்த பஸ் வழியில் கை காட்டியவர்களுக்கெல்லாம் நின்றது. கை காட்டாமல் சும்மா நின்றவரிடமும், "வாரீகளா?" என்று கண்டக்டர் விசாரித்துவிட்டுத்தான் விசில் கொடுத்தார். நான் ஆண்டாளிடம் ஆரம்பித்து, வழியில் தெரிந்த கோயிலையெல்லாம் கும்பிட்டுக்கொண்டே போனேன். ஒரு ரைஸ் மில்லின் கோபுரம் போன்ற புகைபோக்கியையும் பதற்றத்தில் கும்பிட்டேன். (சேதம் ஒன்றுமில்லை.)

மாடிப்படி ஏறி ஓடினால், சென்டர் இருட்டாக இருந்தது. பாண்டியன் சார் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு, மூலைக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து ஃப்ளாப்பிப் பெட்டியின் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"சார், ஃபார்மட் பண்ணிட்டீங்களா?"

"பண்ணத்தாம்மா உக்காந்தேன். சி.டி.யப் போடுதேன், கரண்ட்டு போயிட்டு. இந்த ஈ.பி.காரன வச்சுக்கிட்டு என்ன தொழில் செய்ய?"

மின்சார வாரியத்தை அன்று வாழ்த்தியவள் ராஜபாளையத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. சார் பயந்துபோய், "தண்ணி குடிம்மா" என்று பானையைக் காட்டினார். கதையைச் சொல்லி முடிக்கவும் கரண்ட் வரவும் சரியாக இருந்தது. ஜாதகங்களைச் சுருக்கி ஃப்ளாப்பியில் இறக்கினேன். கைக்குட்டையில் சுற்றி, பச்சைப் பிள்ளைபோல மடியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

அழகர்சாமி இன்னும் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது தட்டு நடந்துகொண்டிருந்தது. ஃப்ளாப்பியைப் போட்டேன். எல்லாரும் வந்துவிட்டார்கள், அவரவர் ராசி நட்சத்திரத்தோடு. சித்தி என் தலையில் ஒரு கொட்டு வைத்து, அதே கையால் தடவியும் கொடுத்தாள். பிறகு அழகர்சாமி மகனின் நட்சத்திரத்தைத் தட்டினாள். முதல் பெயராக, பத்துக்குப் பத்துப் பொருத்தத்தோடு வந்தவள்: கோதை, ஸ்ரீவில்லிபுத்தூர்.

அதாவது நான்.

சோதித்துப் பார்க்க, யாரோடும் பொருந்துகிற ஒரு ஆள் தேவைப்பட்டது. என் பெயரையே போட்டு, எவன் வந்தாலும் பத்துக்குப் பத்து என்று திருத்திவைத்திருந்தேன். காப்பியோடு அதுவும் ஊர் வந்து சேர்ந்துவிட்டது.

"இது எந்த வீட்டுப் பொண்ணும்மா?" என்றார் அழகர்சாமி.

சித்தி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். "அது நான்தான். சும்மா டெஸ்டிங்குக்குப் போட்டது."

"டெஸ்டிங்குன்னா?"

"பொய்னு வச்சுக்கோங்க."

"பொண்ணு பொய்யா?"

"பொண்ணு நெசந்தான் அண்ணாச்சி. பொருத்தந்தான் பொய்" என்றாள் சித்தி.

அவர் கை கழுவிவிட்டுக் கிளம்பினார். விட்டது என்று நினைத்தேன். மறு வாரம் மனைவியையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். என்னுடைய உண்மையான ஜாதகத்தைப் பார்த்தார்கள். ஐந்துதான் பொருந்தியது. அப்பா முகம் வாடிவிட்டது.

"பத்து பொய்யா இருக்கதுக்கு அஞ்சு நெசம் தேவல" என்றார் அழகர்சாமி. "அன்னிக்கு அந்தப் பிள்ள தப்ப மறைக்காம சொல்லிச்சு பாருங்க. எங்களுக்கு அது போதும்."

தை மாதம் கல்யாணம். அதற்குப் பிறகு நான் எத்தனையோ பேக்கேஜ்கள் செய்துவிட்டேன், சம்பளத்துக்கு. ஒன்றில்கூடப் "பெருக்கிவிட்டுப் போ" என்று எழுதியதில்லை. என் மாமனார் அழகர்சாமிக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். ஆனால் வீட்டுக்கு வரும் விருந்தாளி, "மருமகள சொந்தத்துல எடுத்தீகளா, அசலா?" என்று கேட்டால் மட்டும் தெளிவாகக் காதில் விழுந்துவிடும்.

"ரெண்டும் இல்ல" என்பார். "ஃப்ளாப்பியில எடுத்தோம்."