மூன்றாவது பிள்ளைக்குச் சாம்பல் நிறம்

எண்ணிச் சொல்பவர் என்றோர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. ஆளின் பெயரோ குணமோ இவருக்கு வேண்டியதில்லை; வரிசையில் எத்தனையாவது என்று தெரிந்தால் போதும். தெருவில் நான்காவது வீடு, பேருந்தில் இரண்டாவது சன்னல், பந்தியில் கடைசி இலை. வரிசை கலைந்தால்? அப்படியொரு கேள்வி இவர் மனத்தில் எழுந்ததற்கு இதுவரை ஆதாரம் கிட்டவில்லை.

இவ்வினத்தின் பழுதற்ற மாதிரி, வேங்கிக்காலில் இணையப் பக்கங்கள் வடிவமைக்கும் சுரேஷ்குமார். ஒரு பட்டியலின் வரிகளை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாகப் பாவித்து, பிறந்த வரிசைப்படி அவற்றுக்கு உடுப்பு மாட்ட, இணையப் பக்கத்துக்கு நிறமும் வடிவும் தரும் சி.எஸ்.எஸ். என்ற கணினிமொழி இடம் தருகிறதல்லவா? அதைக் கற்ற நாள்முதல், முதற்பிள்ளைக்குத் தடித்த எழுத்து, இரட்டைப்படைப் பிள்ளைகளுக்கு இளமஞ்சள், கடைசிப் பிள்ளைக்குக் கீழே கோடில்லை என்று ஆணைகள் பிறப்பித்து, ஒவ்வோர் ஆணைக்குப் பின்னும் நாற்காலியில் சாய்ந்து தேநீர் அருந்துவது அவர் வழக்கமாயிற்று. வரிக்குத் தனிப்பெயர் சூட்டி நிறம் தருவோரைக் கண்டால் இளக்காரம்.

"பேரு வெக்கிறதெல்லாம் வேல தெரியாதவன் செய்றதுங்க. எடத்த சொன்னா போதும், கட்டுப்படும்."

அடி அண்ணாமலையில் விடுதி நடத்தும் உண்ணாமலை அவரிடம் ஒரு பக்கம் செய்துகொண்டார். ஆறு அறைகள், மல்லி, முல்லை, தாமரை என்று பூப்பெயர்கள். மூன்றாவதான தாமரையில் கூரை ஒழுகியது. சரிசெய்யும்வரை அதை எவரும் பதிவு செய்யாதபடி அடைக்கச் சொன்னார். சுரேஷ்குமார் தாமரை என்று எழுதினாரா? "மூன்றாவது பிள்ளைக்குச் சாம்பல் நிறம், பதிவுப் பொத்தான் கிடையாது" என்று எழுதினார். சாய்ந்தார். தேநீர்.

ஐப்பசிப் பௌர்ணமி நெருங்கியது. அவருக்குப் பேசி முடித்திருந்த வினோதினியின் குடும்பம் ஆரணியிலிருந்து கிரிவலத்துக்கு வருவதாகத் தகவல். வருங்கால மாமனார் முருகையனை அழைத்து, "நான் செஞ்ச பக்கத்துலயே ரூம் போட்டுக்குங்க மாமா" என்றார் பெருமையாக.

அதற்கு முந்தைய வாரந்தான் உண்ணாமலை மாடியில் செண்பகம் என்ற புது அறையைக் கட்டி முடித்து, புதியது மேலே இருக்கட்டும் என்று தாமே பட்டியலின் உச்சியில் சேர்த்திருந்தார். பழைய பிள்ளைகள் எல்லோரும் ஒரு படி இறங்கினார்கள். மூன்றாமிடத்துக்கு வந்த முல்லை, ஒரு சொட்டும் ஒழுகாத முல்லை, சாம்பல் பூசிக்கொண்டது. நான்காவதாகிவிட்ட தாமரையோ இளமஞ்சளில் பளிச்சென்று சிரித்தது. மஞ்சள் மங்களம் என்று முருகையன் அதையே பதிவு செய்தார்.

பௌர்ணமியன்று உண்ணாமலை வெளியே போயிருந்த நேரத்தில் முருகையன் குடும்பம் வந்து, விடுதிப் பையனிடம் தாமரையின் சாவியை வாங்கிக்கொண்டது. பிற்பகல் மழை கொட்டியது. பழப்பையுடன் வந்த சுரேஷ்குமார் கண்டது: கட்டில்மேல் குடை பிடித்து அமர்ந்திருந்த மாமனார்.

"வாங்க மாப்ள. ரூமுக்குள்ளயே எட்டு பக்கெட்டு வெச்சிகீது. சுத்தி வந்துட்டேன், கிரிவலம் ஆயிடுச்சு."

அப்போதுதான் திரும்பியிருந்த உண்ணாமலை குறுக்கிட்டார். "தாமரைய மூடுன்னுதானே தம்பி சொன்னேன்?"

"மூணாவத மூடித்தான் வெச்சிருக்கேன்கா. நீங்க மேல ஒண்ண சொருகிட்டா நான் இன்னா பண்றது? எம்மேல தப்பே இல்ல."

மூலையில் தலை துவட்டிக்கொண்டிருந்த வினோதினி மெல்லக் கேட்டார். "நீங்க பாத்த பொண்ணுங்கள்ல நான் எத்தினியாவதுங்க?"

கணக்குத் தவறாத மனிதர். "நாலாவது" என்றார் உடனே.

"அப்ப, எல்லாருக்கும் முன்னால புதுசா ஒருத்தி வந்து நின்னா, நிச்சயத் தட்டு மூணாவது பொண்ணு வீட்டுக்குப் போயிடுமா?"

சுரேஷ்குமார் பழப்பையைக் கட்டிலோரம் இறக்கி, கைபேசியை அதன்மேல் போட்டுவிட்டு, ஒரு பக்கெட்டை ஒழுகும் இடத்துக்கு நேராக நகர்த்தினார். வினோதினி தம் கைபேசியில் அவரை அழைத்தார். பழப்பையின்மேல் கிடந்த அவருடைய கைபேசி ஒளிர்ந்து, 'பொண்ணு 4' என்று அறிவித்தது. முருகையனும் குடைக்கடியிலிருந்து எட்டிப் படித்தார்.

அன்று மாலையே சுரேஷ்குமார் தம் வாழ்வில் முதன்முறையாக, எண்ணை அழித்துவிட்டுத் தாமரை என்று பெயர் சொல்லி ஆணை எழுதினார். கைபேசியிலும் வினோதினி என்று திருத்தினார். நிச்சயதார்த்தம் மட்டும் இன்னும் சாம்பல் நிறத்திலேயே இருக்கிறது.

சிரிக்கிறீர்களா? நல்லது. அப்படியே உங்கள் கைபேசியைச் சற்றுத் திறவுங்கள். அதில் 'எலக்ட்ரீசியன் 2' என்று ஒருவர் இருப்பாரே, அவர் பெயர் என்ன?