சாம்பாரில் போன சுரபுன்னை

சமையலறையில் வைக்கும் எதுவும் என்றாவது ஒருநாள் குழம்புக்குள் போகும். இந்த உண்மை தெரியாமலே நான் சுற்றுச்சூழல் படிப்பில் முதுகலைப் பட்டம் வாங்கிவிட்டேன்.

காளவாசலில் ஒரு சின்ன ஆய்வு நிறுவனத்தில் எனக்கு வேலை. (மதுரையில் உட்கார்ந்து கடலை ஆராய்கிறவள் என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வார்கள்.) ராமநாதபுரம் பக்கம் ஒரு கடற்கழியில் மண் கொட்டி மனையாக்கிக்கொண்டிருந்தார்கள். அதனால் அங்கிருந்த அலையாத்திக் காட்டுக்கு என்ன ஆகும் என்று பார்த்துச் சொல்வது எங்கள் பொறுப்பு. பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. கடல்நீர் உள்ளே வரும் வழியை மண் அடைத்துவிட்டது; மரங்கள் நின்றபடியே காய்ந்துகொண்டிருந்தன. ஓரத்தில் ஒரே ஒரு சுரபுன்னை மட்டும் காய்த்திருந்தது. அதன் விதை மரத்திலேயே முளைவிட்டு, பச்சையாக நீளமாகத் தொங்கும். அவற்றையாவது வேறு கழியில் ஊன்றிவிடலாம் என்று முற்றியதையெல்லாம் பறித்து, ஈரச்சாக்கில் சுற்றி, விளாங்குடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிட்டேன்.

அம்மா அக்கா வீட்டுக்குப் போயிருந்ததால் அன்று அப்பா சமையல். நான் கண்விழித்தபோது வீடெல்லாம் பெருங்காய வாசம்.

“முருங்கக்காயி ரொம்ப முத்தலும்மா. எம்புட்டு வெல்லம் போட்டாலும் கசப்பு போக மாட்டேங்குது” என்றார்.

சாக்கை உதறிப் பார்த்தேன். ஒன்றுகூட மிச்சமில்லை. போதாததற்குப் பக்கத்து வீட்டுக்கும் ஒரு தூக்குவாளி சாம்பார் போயிருந்தது. (அவர்களும் மரியாதைக்கு ‘நல்லாருக்குண்ணே’ என்றார்களாம்.) நான் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அது காய் இல்லை, விதை என்று சொன்னதும் அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். மழை பொய்த்து, கஞ்சிக்கு வழியில்லாத வருடத்திலும் விதைநெல் மூட்டையைத் தொடாத குடும்பம் அவருடையது.

அந்த மரத்தில் இன்னும் ஒன்றிரண்டு மீதி இருக்கும், பறித்துவரலாம் என்று மறுநாள் அவரும் என்னோடு பஸ் ஏறினார். கழியில் லாரிகள் வருவதும் போவதுமாக இருந்தன. சுரபுன்னை நின்ற இடத்தில் செம்மண் சமமாகப் பரவிக் கிடந்தது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மண்மேல் கொஞ்ச நேரம் நின்றார். நாங்கள் எழுதிக் கொடுத்த அறிக்கையை யார் படித்தார்களோ தெரியாது, மனைகள் விற்றுவிட்டன.

இப்போதும் வீட்டில் முருங்கைக்காய் சமைத்தால் அக்கா விடமாட்டாள். இது தோட்டத்துக் காயா, சமுத்திரத்துக் காயா என்று கேட்பாள். எல்லோரும் சிரிப்போம், நானும்தான். அப்பா மட்டும் தட்டைப் பார்த்தபடி மெதுவாகச் சொல்வார்:

“விதையப் போயித் தின்னுட்டமேம்மா.”